திரையோரத்துக் கறுப்பு டேப்

என் கணினித் திரையின் கீழ்மூலையில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. ஜொகூர் பாருவில் எங்கள் மருத்துவமனை ஸ்கேன் அறைக்கு வருகிறவர்கள், திரையில் விரிசலா டாக்டர் என்று கேட்பார்கள். விரிசல் இல்லை. ஏஐ பொறியாளர் ஒருவர் ஒட்டிவிட்டுப் போனது.

செனாய் தொழிற்சாலை ஒன்றில் மின்சில்லுகளின் கீறலைக் கண்டுபிடிக்கக் கேமராக்களைப் பழக்கியவர் அவர். பிறகு மூளை ஸ்கேன் படிக்கும் ஏஐ மாடல் ஒன்றை, வெளிநாட்டு ஸ்கேன்களைக் காட்டிப் பழக்கி, இங்கே சோதிக்கக் கொண்டுவந்தார். மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் சொல்லிவிடும். எனக்கே பொறாமைதான். "சமத்துப் பிள்ளை டாக்டர், பொய்யே சொல்லாது" என்பார்.

அதை வாங்குவதா வேண்டாமா என்பது எங்கள் கொள்முதல் அதிகாரியின் கையில் இருந்தது. அந்த வாரமே அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து ஸ்கேனுக்கு வந்தார். மூளையில் ஒன்றுமில்லை. ஆனால் முகத்தில் உலோகத் துண்டுகள், காயமாக இருக்கலாம் என்று மாடல் சிவப்பில் எழுதியது. எனக்குப் பார்த்ததும் புரிந்தது. சூசுக். முகவசீகரம் வேண்டி, போமோ என்கிற மந்திரவாதியிடம் போய்த் தோலுக்கடியில் செருகிக்கொள்ளும் தங்க ஊசி. இங்கே ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டர்களுக்கு இது பழக்கம். கேட்க மாட்டோம், சொல்லவும் மாட்டோம். பொறியாளரிடமும் இதைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் வெளிநாட்டுப் படங்களில் படித்த அவருடைய சமத்துப் பிள்ளைக்கு எங்கே தெரியும்?

அதிகாரி என் பின்னால் நின்று படித்துவிட்டார். "அலமாக்! என்ன டாக்டர் உலோகம்? எங்கேருந்து வந்துச்சு?" போமோ என்ற பேச்சை எடுத்தாலே கொதிக்கிற மனிதர். சக்கர நாற்காலியில் இருந்த அவர் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. பொறியாளர் முந்திக்கொண்டார்.

"கோளாறு சார். எங்க மாடல்தான் தப்பா சொல்லுது. உலோகமெல்லாம் ஒன்னும் இல்ல."

விற்க வந்தவர், வாங்க வேண்டியவரிடமே சொன்னார். அந்த வருடம் வாங்கவில்லை, யார்தான் வாங்குவார்கள்? அதிகாரி காரை எடுக்கப் போனதும், அந்த அம்மா பார்த்திருக்க, பொறியாளர் கறுப்பு டேப்பைக் கிழித்து எச்சரிக்கை தெரிந்த மூலையை மூடினார். "சொல்ல வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லப் பழக்கணும் டாக்டர்." அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

பிறகு நம் ஊர் நோயாளிகளின் சம்மதத்தோடு, நம் ஊர் ஸ்கேன்களைக் காட்டி மறுபடி பழக்கினார். இப்போது மாடல் ஊசியை ஊசி என்று அறியும். மருத்துவரிடம் மட்டும் சொல்லும். குடும்பத்துக்குப் போகும் தாளில் மூச்சு விடாது. மருத்துவமனையும் வாங்கியது. அவர் இப்போது பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்கிறார்.

போன வாரம் அந்த அம்மா தலைசுற்றல் என்று வந்தார். தாளில் ஒரே வரி: இரத்தக்கசிவு இல்லை. கணவர் பெருமையாகத் திரையைத் தட்டினார்.

"அன்னைக்கு நான் கையும் களவுமா புடிக்கலன்னா, இது இன்னமும் உலோகம் உலோகம்னு ஒளறிக்கிட்டு இருந்திருக்கும் லா!"

"ஆமா சார்" என்றேன்.

அந்த அம்மா, ஓரம் பெயர்ந்திருந்த டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு எழுந்தார்.