அரிசிக்குள் வைத்த லென்ஸ்

பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டத்து வீட்டில் மழைக்காலம் வந்தால் செருப்பில்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். என் கணவரின் அண்ணன் டுபாயிலிருந்து கமராவும் நீளமான ஸூம் லென்ஸும் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு முதலில் வந்த பயமும் அதுதான். அதோடு ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இருந்தன. மகளுக்கு இரண்டு வயது. கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். பொட்டலங்களை எறிந்துவிட்டேன். உப்பு கசியாமலிருக்க அரிசி போடுகிறோமே, அந்த யோசனையில் பால்மா டின்னில் அரிசி நிரப்பி லென்ஸைப் புதைத்து வைத்தேன்.

தெஹியோவிட்டவில் என் தங்கையின் கல்யாணத்துக்கும் அப்படியே கொண்டுபோனோம். கமரா கணவரின் பையில், டின் என் பையில். மாட்டியபடி கொண்டுபோனால் பஸ்ஸில் இடிபடும் என்று நான்தான் பிரித்து வைத்தேன்.

யுத்த காலம். இரத்தினபுரி தாண்டியதும் இராணுவச் சோதனைச்சாவடி. எல்லோரும் பைகளோடு இறங்கினோம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் எங்களைத் தனியாக நிறுத்தினார்கள். ஓர் இளம் சிப்பாய் டின்னைத் திறந்தான். பஸ் குலுக்கலில் அரிசி விலகி, கறுப்புக் குழாயின் விளிம்பு தெரிந்தது. அவன் பின்வாங்கினான். துப்பாக்கி நிமிர்ந்தது. என் கணவர் கைகளைத் தூக்கினார்.

“மே மொகத்த?” இது என்ன என்று கேட்டான்.

இது கமராவில் மாட்டுவது என்று சிங்களத்தில் சொன்னேன். நன்றாகப் பேசத் தெரிந்த பாஷை; அன்று நாக்கு புரளவில்லை. அப்படியென்றால் ஏன் ஒளித்தாய் என்று கேட்டான். மழை, பூஞ்சணம் என்று ஏதோ உளறினேன். மாட்டிக் காட்டச் சொன்னான். இவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

வரிசையில் நின்ற சிங்கள அம்மா ஒருவர் என் இடுப்பிலிருந்த மகளை வாங்கிக்கொண்டார். இவருடைய பையிலிருந்து கமராவை எடுத்தேன். கமராவின் சிவப்புப் புள்ளியும் லென்ஸின் புள்ளியும் நேராக வர வேண்டும். இவர் மாட்டும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். புள்ளி இரண்டாகத் தெரிந்தது. திருப்பினேன். ‘டிக்’ என்று விழுந்த சத்தத்தில் சிப்பாயும் நானும் சேர்ந்தே திடுக்கிட்டோம்.

அவன் கண்ணை வைத்துப் பார்த்தான். ஒன்றுமே தெரியவில்லை என்று முகத்தைச் சுளித்தான். எனக்கு உயிர் போய்விட்டது.

“மூடி... முன்னால மூடிய கழட்டு புள்ள,” என்றார் இவர், கையை இறக்காமலே.

கழற்றினேன். சிப்பாய் லென்ஸின் வளையத்தைத் திருப்பினான். உள்ளே புகுந்திருந்த அரிசிமாவு கரகரத்தது. எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கமராவைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னான்.

பஸ்ஸில் இவர், “அடுத்த தடவ சோத்துக்குள்ள வச்சுக் கட்டிக்கிட்டு வா,” என்றார்.

கல்யாணத்தில் அதிலேதான் படம் பிடித்தோம். திரும்பும் நாளில், லென்ஸைக் கமராவில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொண்டுபோனால் எதையோ வேவு பார்க்கிறோம் என்பார்கள், பையில் வைத்தால் ஒளித்தோம் என்பார்கள் என்று மாறி மாறி யோசித்தேன்.

“என்னங்க, இது இங்கயே இருக்கட்டுங்க,” என்றேன்.

தங்கையின் அலுமாரியில் வைத்துவிட்டு வந்தோம். அடுத்த வருடம் எடுத்தபோது கண்ணாடிக்குள் வெள்ளை நூல்போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். இனி இதை எந்த பஸ்ஸிலும் கொண்டுபோக வேண்டியதில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.