துணிக்குப் பின்பக்கம்

மலேசியாவில், ஜொகூர் பாரு பேரங்காடித் திரையரங்கு ஒன்றில், நம்மூர்ப் பையன்கள் கைக்காசு போட்டு எடுத்த சிரிப்புப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடதுகைக்காரன் ஒருவன் பெண் பார்க்கப் போகிறான். பழக்கதோஷத்தில் பூத்தட்டை இடது கையால் நீட்ட, பெண்ணின் அத்தை அலறுகிறாள். அரங்கில் இருந்த நாலைந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு மட்டும் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

சின்ன வயதில், காஹாங் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். சனமெல்லாம் முன்னால் உட்காரும். அப்பா மட்டும் துணிக்குப் பின்பக்கம், ஈரப் புல்லில் சாக்கு விரித்து என்னை உட்காரவைப்பார். செம்பனை எண்ணெய் ஆலை இயந்திரத்தில் வலது கையைப் பறிகொடுத்தவர். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாதென்று எந்தப் பந்தியிலும் உட்காரமாட்டார்.

"ஏம்பா நாம மட்டும் இங்க?"

"இங்கதான் காத்து வருது லா."

பின்பக்கம் இருந்து பார்த்தால் படம் இடம் வலமாக மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் சோறு பிசைவான், இடது கையால் திருநீறு பூசுவான். அப்பா என் முழங்காலைத் தட்டுவார்.

"பாத்தியா? அவனும் என்னை மாதிரிதான்."

என் கல்யாணத்தில் அட்சதை போடக் கூப்பிட்டும் அவர் மேடை ஏறவில்லை. பின்கதவோரம் நின்றே பார்த்துவிட்டுப் போனார்.

படத்தில் அத்தை மனசு மாறி, அதே கையிலிருந்து பூவை வாங்கிக்கொண்டாள். விளக்கு எரிந்தது. எல்லாரும் போனபின் திரையோரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். பின்னால் ஒரு ஆள் உட்கார இடமில்லை. வெறும் சுவர்.