சாய்ந்த லாஞ்சு

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகில் இருக்கிறேன். நல்ல வெயில். நடுக்குடாவில், இடப்பக்க வானத்தில், கழுவிக் கவிழ்த்த கிண்ணம் போல ஒன்று மின்னிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் ஓட, லாஞ்சு சாய்கிறது. அதுவோ சத்தமே இல்லாமல் செங்குத்தாக ஏறி மறைந்துவிடுகிறது.

“சீனன்குடாவில இறங்கிற பிளேன்,” என்கிறார் தோளில் கோப்புப் பை தொங்கும் கந்தோர்க்காரர் ஒருவர். “கரையில போய் வேறமாதிரிக் கதைச்சா விசரெண்டு சொல்லுவினம்.”

ஆண்கள் எல்லோரும் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறார்கள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூதூர்ப் பெண் ஒருத்தி திரும்புகிறாள். “சொல்லட்டும். என்ட கண்ணால கண்டதைக் காணல்ல எண்டு சொல்ல எனக்கு ஏலாது.”

“எனக்கும் ஏலாது,” என்கிறேன் உரக்க. என் கண்ணை இன்னொருவரிடம் அடகு வைக்க நான் லாஞ்சு ஏறவில்லை.

சுக்கான் பிடிப்பவர் கத்துகிறார்: “பிளேன்தானே! எல்லாரும் போய் இருங்கோ, லாஞ்சு கவிழப்போகுது!”

ஒருவரும் அசையவில்லை. கந்தோர்க்காரர் இடப்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, வெறும் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.