காரவள்ளி எடைமேடையில் ஒரு விண்டோஸ் 98

1. செத்த பெட்டி

மலையடிவாரத்துக் காரவள்ளியில், மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையின் எடைமேடைக் கம்ப்யூட்டர் செத்துப்போன காலையில்தான் காதர் பாய் எனக்கு முதன்முதலாகப் போன் செய்தார். அங்கே எடை போடுகிறவர். என் வயதுதான் இருக்கும். "ஏனுங்க சார், பெட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. கெழங்கு லாரி ரோடு வரைக்கும் நிக்குதுங்க" என்றார்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் கொஞ்சம் மிளகு போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறேன். மனைவிக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். பழைய சிஸ்டங்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கத் தெரிந்த ஆள் என்று யாரோ சொல்லி என் நம்பர் கீழே போயிருக்கிறது.

பஸ் பிடித்து இறங்கிப் போனேன். எடை போடும் புரோகிராம் விண்டோஸ் 98இல் ஓடுவது. அதை எழுதியவர் கடையை மூடிவிட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. "புதுசாவே வாங்கிருங்களேன்" என்றேன் முதலாளியிடம்.

"நல்லா ஓடிட்டிருந்தத எதுக்குங்க மாத்தோணும்? உங்களால ஆகுமா, ஆகாதா? அதச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆகாது என்று நான் எவனிடமும் சொன்னதில்லை.

நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தது. அதை அப்படியே நகல் எடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு வர்ச்சுவல் மெஷினை, அதாவது ஒரு பொய்ப் பெட்டியை, உண்டாக்கி ஏற்றினேன். பழைய பெட்டியில்தான் இன்னமும் இருக்கிறோம் என்று 98ஐ நம்பவைப்பது, அவ்வளவுதான் வித்தை. எடை காட்டும் கருவியின் ஒயரைச் செருகப் புதுப் பெட்டியில் இடமில்லை. யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று போட்டுக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் லாரிகள் நகர்ந்துவிட்டன.

2. தினம் ஒரு முட்டை

மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் பாயின் போன். "சார், எடை வரலீங்க. முட்டை காட்டுது."

கன்வெர்ட்டரின் போர்ட் நம்பர் மாறிப்போயிருக்கும். ஒரு யுஎஸ்பி ஓட்டையிலிருந்து பிடுங்கி வேறொன்றில் செருகினால் கம்ப்யூட்டர் அதற்குப் புது நம்பர் கொடுத்துவிடும். உள்ளே இருக்கிற 98 பழைய நம்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"மாத்திச் சொருவினீங்களா பாய்?"

"தொடவே இல்லீங்க."

போனிலேயே வழி சொல்லி நம்பரை மாற்றவைப்பேன். எடை வந்த பிறகும் பேசிக்கொண்டிருப்போம். மேலே மழையா, மிளகு எப்படி, சாப்பாடு என்ன. "இன்னைக்கும் ரசந்தானுங்களா? நாக்குச் செத்துப்போயிருமுங்க சார்" என்பார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பேன்.

கஸ்டமர் 'தொடவே இல்லை' என்றால் தொட்டிருக்கிறான் என்று அர்த்தம். சர்வீஸில் முதல் வருஷமே இது தெரிந்துவிடும். தெரிந்தும் நான் கன்வெர்ட்டர் மட்டம், கரண்ட் சரியில்லை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் போன் வராவிட்டால் பொழுது சாய்கிறவரை எனக்கு வாய் திறக்க வேலை கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் விடிந்ததும் காட்டுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் கடையில் டீ கேட்கும்போது என் குரல் எனக்கே கரகரவென்று வேற்றாள் குரலாகக் கேட்கும். அவ்வளவு தனியாக இருந்தேன்.

3. டவர் போன மழை

ஒரு அடைமழையில் டவர் போய்விட்டது. சில நாள் போனில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாய் அங்கே முட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோண்டிய கிழங்கு காத்திருக்குமா? கறுத்துப்போகும், மாவு குறையும், விவசாயிக்கு வயிற்றில் அடி. எல்லாம் நான் போட்ட கன்வெர்ட்டரால்! மழை விட்டதும் முதல் பஸ்ஸில் இறங்கினேன்.

அங்கே லாரிகள் ஜாம்ஜாமென்று மேடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. முதலாளியிடம், "நடுவுல எடை நின்னுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வாய வெச்சுறாதீங்க சாமி! ஒரு நிமிசம் நிக்கல."

எடை போடும் அறைக்குள் போனேன். என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து நின்றுவிட்டார். கன்வெர்ட்டர் நான் முதல்நாள் செருகிய ஓட்டையில் இல்லை, வேறொன்றில் இருந்தது.

"என்ன பாய், போன் இல்லாதப்ப மட்டும் எடை ஒழுங்கா வருது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒயர மாத்திச் சொருவுனாத்தானுங்க வராது. போன் போகாத நாள்ல எதுக்குங்க மாத்தோணும்?"

"அப்ப தினமும் நீங்களேதான்..."

"ஊடு நெறைய ஆளுங்க சார். ஆளுக்கொரு போன வெச்சுக்கிட்டு குனிஞ்ச தலை நிமிர மாட்டேங்கறாங்க. இங்க டிரைவருங்க எடைச் சீட்ட வாங்குனாப் போயிர்றாங்க. நீங்க ஒருத்தர்தான் சாப்பிட்டீங்களான்னு கேக்கறீங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபம் வந்ததுதான். இந்த வயதில் என்னைக் குரங்காட்டம் ஆட்டிவைத்திருக்கிறார் மனுஷன்! திட்ட வாயெடுத்தவன், திட்டாமல் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

எந்த ஓட்டையில் செருகினாலும் ஒரே நம்பர் வருகிற மாதிரி செட்டிங்கை மாற்றிவிட்டேன். எங்கள் பேச்சுக்காக ஒரு கிழங்கு லாரி காத்திருக்கக் கூடாது. "இனிமே சும்மாவே போன் பண்ணுங்க பாய்" என்றேன்.

"சும்மா பண்ணி என்னத்தங்க பேசுறது?" என்றார்.

டவர் வந்தது, போன் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. வேலை சுத்தமாக இருந்தால் கஸ்டமர் நம்மை மறந்துவிடுவார், அதுதான் நமக்குப் பெருமை என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவன் நான். இப்போது மாற்றிச் சொல்கிறேன். பழைய சிஸ்டத்தைப் புதுப் பெட்டிக்கு மாற்றும்போது டேட்டா, டிரைவர், போர்ட் எல்லாம் பாருங்கள். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளையும் பாருங்கள். எல்லாம் சரியான பிறகும் ஒரு போன் போடுங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்தால் போதுமா? நானே நம்பரைப் போட்டேன்.

"ஏனுங்க சார், ஏதாச்சும் பிரச்சினைங்களா?" பாய் பதறினார்.

"இல்லீங்க பாய். சும்மாதான்."

"சும்மாவா?" பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. "வண்டி நிக்குதுங்க. எடை போட்டுட்டு வந்துர்றேன், கட் பண்ணிராதீங்க சார்."

நான் கட் பண்ணவில்லை.