மருமகள் முன்னால் நிறுத்திய அத்தை

என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. வெந்நீரும் ப்ளீச்சும் பட்டுப் பட்டு விரல் ரேகையே தேய்ந்துபோன கை. அங்கே விரலை வைத்து வருகை பதிகிற கருவி ஒன்று உண்டு. மற்றவர்கள் வைத்தால் பச்சை விளக்கு எரியும். இவள் வைத்தால் அப்படி ஒரு ஆளே கிடையாது என்று சிவப்பு காட்டும். இவள் ஒருத்திக்காக ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தேய்ந்த கையிலும் கட்டைவிரல் இரண்டு மட்டும் வெட்டுக்கிளி மாதிரி துள்ளும். அதற்குக் காரணம் அந்தப் பெட்டி.

கல்யாணமாகி வந்த அன்று அவள் துணிகளுக்கு நடுவில் ஒரு பழைய காலுறை கனமாக இருந்தது. நகை என்று நினைத்தேன். இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது. உதறிப் பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு விளையாட்டுப் பெட்டி. நடுவில் கண்ணாடி, ஒரு பக்கம் சிலுவை போல ஒரு பொத்தான், மறுபக்கம் உருண்டையாக இரண்டு. இருபத்து நாலு வயதுப் பெண் இதையா சீராகக் கொண்டுவருவாள் என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அந்தக் கண்ணாடிக்குள் காடு, குளம், குகை எல்லாம் இருக்கும். புல்லுக்குள் விதவிதமான ஜந்துகள் ஒளிந்திருக்கும். அவற்றோடு சண்டை போட்டுக் களைக்க வைத்து, வலை எறிந்து பிடிக்க வேண்டும். பிடித்ததை வளர்த்து, வேறு ஜந்துகளோடு மோதவிட வேண்டும். மொத்தம் நூற்று அறுபது வகை. ஒவ்வொன்றும் கையில் வந்ததும் உள்ளே இருக்கிற ஏட்டில் அதன் படம் ஏறிக்கொள்ளும். அதைச் செய்த கம்பெனியே எப்போதோ மூடிவிட்டதாம்; உலகத்தில் யாரும் இப்போது அதை விளையாடுவதில்லை. இவள் மட்டும் விடவில்லை. சலவைக்கூடத்தில் துணியைப் போட்டு மெஷினை முடுக்கிவிட்டால் நாற்பது நிமிடம் அது பாட்டுக்கு ஓடும். மற்றவர்கள் ஊர்வம்பு பேசுவார்கள். இவள் விரிப்புக் குவியல் மேல் உட்கார்ந்து பெட்டியைத் திறப்பாள்.

என் மகன் சரக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வந்தால் அதிகம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, அதற்குள் நானும் அவளும். முதல் வருடம் எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கும்போது, இவள் கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து, "ஆஸ்பத்திரி மருந்து வாசனை அடிக்குது" என்று சொல்லி மறுபடி கழுவினேன். அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். அதற்குப் பிறகு நடந்தது பதினோரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வருடங்கள் போகப் போகக் கோபமும் தேய்ந்தது. அவள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்ப்பேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் தெரியாதா. அவள் பிடித்த ஜந்துகளில் ஒரு கல் இருந்தது. பாசி படிந்த உருண்டைக் கல், நடுவில் இரண்டு கண் மட்டும். எந்தச் சண்டையானாலும் அதுதான் முதலில் போய் நிற்கும்.

"அந்தக் கல்லு என்ன பண்ணுது?" என்று கேட்பேன்.

"அடி வாங்குது அத்தை" என்பாள்.

பாவம் என்று எனக்கு அதன் மேல் ஒரு பிரியம்கூட உண்டாகியிருந்தது.

போன மாதம் என் மகள் ஒரு வாரம் தங்க வந்தாள். மருமகள் குளிக்கப் போயிருந்தபோது, அலமாரியில் இருந்த பெட்டியை எடுத்துப் பொத்தான்களை அமுக்கிப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, இந்தக் கல்லுக்கு என்ன பேர் வெச்சிருக்கா தெரியுமா?"

"கல்லுக்கு எதுக்குடி பேரு?"

"அத்தை."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவள் விடாமல் படித்தாள். "இதுக்கு நாலு வித்தை தெரியுமாம். முறைக்கும். முட்டும். மண்ணை வாரித் தூத்தும். அடி தாங்கலன்னா தூங்கிடும். அம்மா, உன்னைப் பக்கத்துல நிக்க வெச்சுப் பாத்து எழுதின மாதிரியே இருக்கு."

உச்சந்தலையில் யாரோ ஒரு குடம் பச்சைத்தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. பதினோரு வருடம். பக்கத்தில் உட்கார்ந்து, என் பெயரையே பார்த்துக்கொண்டு, "பாவம் அந்தக் கல்லு" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

குளித்துவிட்டு வந்த மருமகள், என் மடியில் பெட்டியையும் என் மகள் முகத்தில் சிரிப்பையும் பார்த்தாள். ஈரத் துண்டோடு அப்படியே நின்றாள்.

"இது நான்தானா?" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவளுக்குப் பொய் வராது. "நீங்கதான் அத்தை. அன்னைக்குப் பாத்திரம் மறுபடி கழுவினீங்க இல்ல, அன்னைக்குப் பிடிச்சது."

"எதுக்கு என் பேரை வெச்ச?"

"முன்னால நிறுத்தி அடி வாங்க விடலாம்னு."

என் மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு வருஷம் முழுக்க எல்லாச் சண்டையிலயும் உங்களைத்தான் முதல்ல அனுப்பினேன் அத்தை. தோத்துப் போகட்டும்னு. ஆனா இந்த விளையாட்டுல யார் முன்னால நின்னு அடி வாங்கறாங்களோ அவங்களுக்குத்தான் பலம் ஏறும். எனக்கு அது அப்ப தெரியல. கோவத்துல கவனிக்கவே இல்ல. ஒருநாள் பாக்கறேன், மத்தது எல்லாம் சோனியா இருக்கு, அத்தை மட்டும் மலை மாதிரி நிக்கறாங்க. இப்ப அதை யாராலயும் ஜெயிக்க முடியாது. நான் சொன்னாலே சில நேரம் கேக்காது."

இதற்கு நான் கோபப்படுவதா, பெருமைப்படுவதா? பெரிய மனுஷி என்றால் கோபம்தானே மரியாதை. "அந்தச் சனியனைத் தூக்கி எறி" என்றேன்.

"எறிய வேண்டாம் அத்தை. வெள்ளிக்கிழமை அது போயிடும்" என்றாள்.

முதல் அதிர்ச்சியே இன்னும் இறங்கவில்லை. "எங்க போகுது?"

அவள் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். ஏட்டில் நூற்று ஐம்பத்தெட்டு ஏறிவிட்டது. இரண்டு இடம்தான் காலி. ஒன்று, அத்தையின் படத்துக்கு அடுத்திருக்கிற கட்டம். அது என்ன ஜந்து, எந்தக் காட்டில் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் அதைத் தானே முடித்ததாக ஆகாது என்று கேட்கவும் மாட்டாள். இன்னொன்று, சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவரிடம் இருக்கிறது. அவரை எல்லோரும் மடிப்பு என்பார்கள். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் பார்த்தவர் கிடையாது. அவரும் இதே விளையாட்டு விளையாடுகிறவர் என்பது இவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி வேலை நாள். மறுநாள் மகன் இருக்கிற ஊருக்குப் போய்விடுவார். தன்னிடமுள்ளதைத் தருவார். பதிலுக்கு அவர் கேட்டது அத்தையை.

"என்னைக் கொடுத்திட்டு வேற ஒண்ணு வாங்கப் போறியா?"

"உங்களை இல்ல அத்தை. அதை."

"அது பேரு என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "பத்தாவதோட படிப்பு நின்னுச்சு. தையல் கத்துக்கப் போனேன், பாதியில நின்னுச்சு. பதிமூணு வயசுல ஆரம்பிச்சது இது ஒண்ணுதான் இன்னும் கையில இருக்கு. இந்த ஒரு ஏட்டையாவது முடிஞ்ச வரைக்கும் நிரப்பணும்னு நினைச்சேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்தேன்.

"கொடுக்கக் கூடாது."

"நேத்து எறியச் சொன்னீங்க அத்தை."

"எறியறது வேற, கொடுக்கறது வேற. கைமாத்தா கொடு. அவர்தை வாங்கி ஏட்டுல ஏத்திக்கோ, உடனே நம்மதைத் திருப்பி வாங்கிடு."

"கேட்டேன் அத்தை, ஒத்துக்கல. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஒரு வயர் போடணும். அவர்கிட்ட இருக்கறது பழைய வயர், கழுத்துல கம்பி விட்டிருக்கு. மாத்தும்போது விட்டுப்போச்சுன்னா ரெண்டு பேர் ஜந்தும் காணாமப் போயிடும். ஒரு தடவைக்கே பயப்படறார். திருப்பி வாங்கணும்னா ரெண்டு தடவை."

"கழுத்தை யாராவது பிடிச்சுக்கிட்டா?"

"எங்க ரெண்டு பேர் கையிலயும் பெட்டி இருக்கும். மத்தவங்களைக் கூப்பிட்டா சிரிப்பாங்க."

"எனக்கு ரெண்டு கை இருக்கு. நான் சிரிக்கற நிலைமையிலயும் இல்ல" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக என்னை அழைத்துப் போனாள். பன்னிரண்டு வருடம் அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று நான் பார்த்ததே இல்லை. உள்ளே காலை வைத்ததும் மூச்சு முட்டியது. ஆள் உயர மெஷின்கள் வரிசையாக உறுமுகின்றன. ஆவியில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. மலை மலையாக வெள்ளை விரிப்பு, சிலதில் நான் பார்க்க விரும்பாத கறை. இந்தக் கை கழுவின பாத்திரத்தைத்தானே அன்று வாசனை அடிக்கிறது என்றேன். அப்படி நினைத்ததை அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மடிப்பு துணி மேசையருகே காத்திருந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லி மனிதர். மருமகள் கையிலிருந்த பெட்டியின் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இவங்கதானா, தங்கச்சி?"

"ஆமாண்ணே."

நான் முறைத்தேன்.

"சரிதான். முதல் வித்தை இதுதான்" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. "கைமாத்துதான், தெரியுமில்ல?" என்றேன்.

"வயரை நீங்க விடாம இருந்தா நான் வார்த்தையை விட மாட்டேம்மா."

வயரைச் செருகினார்கள். கம்பி விட்டிருந்த கழுத்தை இரண்டு கை விரலாலும் இறுக்கிப் பிடித்தேன். இருவரும் பொத்தானை அமுக்கினார்கள். மருமகளின் திரையில் கல் மெதுவாக ஒரு குழாய்க்குள் போனது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்த மெஷின் துணி பிழியத் தொடங்கியது. தரை அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது, என் முழங்கையும் அதிர்ந்தது.

"அத்தை, விட்டுடாதீங்க."

"நீ உன் வேலையைப் பாரு."

கல் அவருடைய பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடையது இங்கே வந்து, ஏட்டில் ஏறியது. இனித் திருப்பி வாங்க வேண்டியதுதான் என்று நினைக்கும்போதே அவருடைய திரை வெள்ளையாக மின்னியது. கல் நடுங்கியது. பாசி உதிர்ந்தது. கண்ணுக்கு மேலே ஒரு கீறல் விழுந்து, அது இரண்டாகி, நாலாகி, கல்லே பிளந்தது. உள்ளேயிருந்து ஒரு பெரிய தேரை எழுந்து நின்றது. அகலமான வாய். முதுகெல்லாம் பச்சைப் பொட்டு.

மெஷின் இன்னும் உதறிக்கொண்டிருந்தது.

"கல்லுன்னே நினைச்சேன்" என்றாள் மருமகள். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "பதினோரு வருஷமா கல்லுன்னே நினைச்சேன்."

கல்லுக்குள் தேரை என்று எத்தனை முறை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கண்ணால் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

மடிப்பு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொருத்தர் கைக்குப் போனாத்தான் இது வெளிய வரும்போல. இருபது வருஷமா விளையாடறேன், எனக்குத் தெரியாது." அவர் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அமுக்கவில்லை. மருமகள் அவரையே பார்த்தாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பெட்டியை உருவிக்கொண்டு அவர் கிளம்பினால் நாளைக்கு எந்த ஊரில் போய்த் தேடுவது?

"தம்பி, கை வலிக்குது" என்றேன். "விடவா?"

அவர் நிமிர்ந்தார். வெட்கப்பட்டவர் மாதிரி சிரித்தார். "விட்டுடாதீங்கம்மா. கூட்டிக்கிட்டுப் போ தங்கச்சி, உன் அத்தையை. நம்ம பேச்சு கேக்கற மூஞ்சியா இது." அமுக்கினார்.

தேரை குழாய் வழியாக வீட்டுக்குத் திரும்பியது. ஏட்டில் அத்தைக்கு அடுத்த கட்டத்தில், இத்தனை வருடமும் காலியாகக் கிடந்த இடத்தில், போய் உட்கார்ந்தது. எங்கேயோ காட்டில் இருக்கிறது என்று தேடியது, பக்கத்துக் கல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. திரையில் ஏதோ எழுத்து வந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?"

"முடிஞ்சதுன்னு போட்டிருக்கு அத்தை." சொல்லிவிட்டு விரிப்புக் குவியல் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அந்தக் கட்டைவிரல்கள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம்கூடப் போகவில்லை, பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"முடிஞ்சுபோச்சே. இன்னும் என்ன?"

"புது உடம்பு அத்தை. அடி தாங்குதான்னு பாக்கணும்."

புல்லுக்குள் நடந்தாள். ஏதோ ஒன்று எதிரே வந்தது. முட்டச் சொன்னாள், தேரை முட்டவில்லை. கண்ணை மூடித் தூங்கிவிட்டது.

"பாத்தீங்களா" என்றாள். பெட்டியை மடியில் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "அடி வாங்கினது போதும் அத்தை. இனிமே பின்னால வெச்சுக்கட்டுமா?"

"முன்னாலயே நிக்கட்டும்" என்றேன். "பின்னால நின்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."