கம்ப்யூட்டருக்கு ஒரு 'போயிட்டு வா'

துபாயிலிருந்து லீவுக்கு வந்த மகன், டிவியில மாட்டுற கம்ப்யூட்டர் ஒண்ணு கொண்டாந்திருந்தான். இன்னிக்கு அவன் திரும்பக் கிளம்புற நாள்.

ஒன்பதாவது படிக்கிற பேத்தி செல்வி, அப்பா பேரு டிவியில ஓடணும்னு காலையிலிருந்து அதுக்குக் கட்டளை எழுதிக்கிட்டிருந்தா.

திரையில ஒரு வார்த்தையைக் காட்டி, "இது என்னடி?"ன்னேன்.

"'போ'ன்னு அர்த்தம் அப்பத்தா. கம்ப்யூட்டர் நாம சொன்ன வரிக்கு நேராப் போயிடும்."

"திரும்பி வருமா?"

"வராது."

அவ கையைப் பிடிச்சு நிறுத்தினேன். "உங்கப்பன் பயணம் போற நாள்ல அப்படி எழுதலாமா? போயிட்டு வான்னு எழுதுடி."

"நாம பேசுற மாதிரி சொன்னா அதுக்குப் புரியாது. அதுக்கெல்லாம் இன்னும் காலம் ஆவும்"னு சிரிச்சா. சிரிச்சவ, கம்ப்யூட்டரோட வந்த புத்தகத்தைப் புரட்டிட்டு என்னை நிமிர்ந்து பாத்தா. போயிட்டுத் திரும்பி வர்றதுக்குன்னே தனியா ஒரு கட்டளை இருக்காம்! அஞ்சாவதோட நின்ன நான் சொன்னது!

மாத்தி எழுதினா. அது போச்சு, வந்துச்சு, என் மகன் பேரும் வந்துச்சு.

மூணு மணிக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டு. பஸ் நகர்ந்துடுச்சு. ஓடிப்போய்த் தொத்திக்கிட்டு என் புள்ள கத்துறான், "போறேம்மா!"

மெஷினுக்குச் சொன்ன நான் இவனுக்குச் சொல்லாம விட்டுட்டேன்.

அவன் அவசரத்துல சொன்னது பலிக்காதுதானே? தெரிஞ்சவங்க சட்டுன்னு பதில் போடுங்க.