சிம்மாசனத்து மாமியார்

போன வாரம் ஓர் அருங்காட்சியகத்தில் ரோமாபுரித் தங்கக்காசு ஒன்றைப் பார்த்தேன். நீண்ட மூக்கு, தலையில் இலைக்கிரீடம், பிடரியில் தொங்கும் நாடா. பார்த்ததும் எனக்குச் சந்தன வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், அந்தச் சக்கரவர்த்தி என் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் பெண் வீடு. பெண்ணின் பெரியம்மாவிடம், எந்தக் காலத்திலோ கிணறு வெட்டும்போது கிடைத்த இதே மாதிரிக் காசு இருந்தது. வளையம் வைத்து மஞ்சள் கயிற்றில் கோத்து, ஊரில் யாருக்குக் கல்யாணமென்றாலும் மணப்பெண் கழுத்தில் போட்டுவிடுவார். ஒரு பக்கம் ராஜா. மறுபக்கம் சிம்மாசனத்தில், கையில் மரக்கிளையோடு ஓர் அம்மாள். ராஜாவும் ராணியும் பிரியாமல் இருக்கிறார்களல்லவா, தம்பதிகளுக்கு நல்லதாம்.

நான் கோவையில் சரித்திர வாத்தியாராகி ஆறே மாதம். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் வயசு. தாலி கட்டக் கால் மணி நேரம் இருக்கையில், மணவறையில் உட்கார்ந்துகொண்டே பெரியம்மாவிடம் சொன்னேன்: "அது ராணி இல்லீங்க. ராசாவப் பெத்த தாயின்னு பொஸ்தகத்துல இருக்குதுங்க."

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை பெண்கள் கழுத்தில் எதைப் போட்டுவிட்டோம் என்ற கலக்கம். காசைக் கழற்றச் சொன்னார் ஒருவர். சகுனம் சரியில்லை, முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார் இன்னொருவர். என் கல்யாணம் என் வாயாலேயே நின்றுவிடும் போலிருந்தது.

அதுவரை தலை நிமிராத பெண், தன் கழுத்திலிருந்த காசைப் புரட்டிப் பார்த்தாள். "இருக்கட்டுமுங்க பெரியம்மா. மகனுக்குத் தல மட்டுந்தான் இருக்குது. சிம்மாசனத்துல உக்காந்திருக்கறது மாமியாதான். எல்லா ஊட்டுலயும் அப்படித்தானுங்களே."

முதலில் சிரித்தது என் அம்மா. அப்புறம் பந்தலே சிரித்தது. தாலி கட்டுமுன்பே நான் அவளிடம் தோற்றுப்போனேன். அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

பெரியம்மா காலமானதும் பேத்திகள் காசை உருக்கித் தோடு செய்துகொண்டார்கள். ஊர்ப் பெண்களெல்லாம் கையில் வாங்கிப் புரட்டிய காசு. அருங்காட்சியகக் காசிலோ தலைப்பக்கம் மட்டுமே தெரிகிறது, தொடவும் கூடாது.

கூட வந்திருந்த என் மனைவி விடவில்லை. காவலாளியிடம் போய் மெல்லச் சொன்னாள்: "ஏனுங்க தம்பி, அதக் கொஞ்சம் திருப்பி வைங்க. மாமியா குப்புறக் கெடக்கறாங்க."